ககோஷிமாவா, இபுசுகியா, ஷிமாபராவா?

அக்கா குடும்பத்தோடு ஜப்பான் வருவதாகச் சொன்னபோது ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தாள். "டோக்கியோ, கியோட்டோ கூட்டமெல்லாம் வேண்டாம்டா. சின்ன ஊரா இருக்கணும், கடல் இருக்கணும், பக்கத்துல எரிமலை இருக்கணும். அம்மாவும் வர்றாங்க, அதையும் பார்த்துக்கோ."

கையில் இருந்தது நான்கு இரவு. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. அக்கா மகனுக்கு 12. எரிமலை என்றால் அவனுக்குப் புகை வந்தே ஆக வேண்டும். அத்தான் சுத்த சைவம். அக்காவுக்கு நிம்மதியாக நடக்கத் தெரு வேண்டும். இந்த நான்கு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு கியூஷு தீவில் மூன்று ஊர்களை எடுத்து வைத்தேன். தெற்கே ககோஷிமா, அதற்கும் தெற்கே இபுசுகி, மேற்கே நாகசாகி மாவட்டத்தில் ஷிமாபரா. மூன்றுமே கடற்கரை ஊர்கள். மூன்றுக்கும் எரிமலை உண்டு. மூன்றுக்கும் நான் அதற்கு முன்பே போயிருந்தேன் என்பதால் யோசிக்க எளிதாக இருந்தது. இதே கேள்வியை அப்புறம் சில நண்பர்களும் கேட்டார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எரிமலை ஊர் என்றால் மலை எங்கிருந்து அழகாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்போம். நானும் முதல் தடவை அப்படித்தான் தேடினேன். மூன்று ஊரிலும் தங்கிப் பார்த்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. அந்த மலை ஊருக்கு என்ன கொடுத்தது, ஊரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டது, தெருவில் நடந்து போகிறவன் கண்ணுக்கு அது தெரிகிறதா? இப்போது யார் கேட்டாலும் இதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

ககோஷிமா: கண்ணெதிரே புகை

அக்கா மகன் கேட்டது இங்கே தாராளமாகக் கிடைக்கும். ககோஷிமா நகரத்துக்கு நேர் எதிரே, வளைகுடாவுக்கு நடுவில் சகுராஜிமா எரிமலை நிற்கிறது. உயரம் 1,117 மீட்டர். ஃபெர்ரியில் ஏறினால் கால் மணி நேரத்தில் அதன் அடிவாரம். அந்தக் கால் மணிக்குள் சூடாக ஒரு கிண்ணம் உதோன் நூடுல்ஸ் சாப்பிட்டு முடிக்க ஃபெர்ரிக்குள்ளேயே கடை இருக்கிறது. நாம் பார்க்கும் வளைகுடாவின் வடக்குப் பகுதியே ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் நிலம் உள்வாங்கி உண்டான பள்ளம்தான். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் பின்னால் முளைத்த மலை இது.

இங்கே எரிமலை அன்றாட விஷயம். தொலைக்காட்சி வானிலை அறிக்கையில் மலைக்கு மேல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தனியாகச் சொல்வார்கள். அதைப் பார்த்துத்தான் துணி காயப்போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். வீட்டு முற்றத்தில் விழும் சாம்பலை அள்ளிப் போட நகராட்சி மஞ்சள் நிறப் பை கொடுக்கிறது. சாம்பல் மூட்டைகளை வைக்க என்றே தெருவோரத்தில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. நான் போன நாளில் ஒரு மணி நேரம் நடந்த பிறகு சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தேன். விரலில் நறநறவென்று கருமணல். பல்லிடுக்கில்கூட இருந்தது.

சகுராஜிமா 1914 ஜனவரி வரைக்கும் உண்மையிலேயே தீவாக இருந்தது. அந்த மாத வெடிப்பில் வழிந்த எரிகுழம்பு சுமார் 400 மீட்டர் அகலக் கடற்காலை மூடி, தீவைக் கிழக்கே ஒசுமி தீபகற்பத்தோடு ஒட்டவைத்துவிட்டது. குரோகாமி என்ற இடத்தில் 3 மீட்டர் உயரக் கோயில் தோரணவாயில் சாம்பலில் புதைந்தது. இன்றும் அதன் உச்சி ஒரு மீட்டர் மட்டும் தரைக்கு மேல் தெரிகிறது. அதைவிட என்னை நிறுத்தி வைத்தது ஒரு பள்ளி வளாகத்தில் இருக்கும் கல்வெட்டு. வெடிப்புக்கு முன் நிலம் நடுங்கியபோது ஊர்த்தலைவர் வானிலை ஆய்வு நிலையத்தைக் கேட்டார். எரிமலை வெடிக்காது என்று பதில் வந்தது. அதை நம்பி இருந்துவிட்டவர்களில் சிலர் கடைசி நேரத்தில் கடலில் குதித்து இறந்தார்கள். அதனால் அந்தக் கல்லில், கோட்பாட்டை நம்பிக் காத்திருக்காதே, அறிகுறி தெரிந்ததும் முதலில் ஓடு என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். ஊர் தன் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்திலேயே எழுதி வைத்த எச்சரிக்கை.

இவ்வளவு இருந்தும் அக்கா கேட்ட ஊர் இது ஆகாது. ககோஷிமாவில் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் இருக்கிறார்கள். ட்ராம் ஓடுகிறது, பெரிய கடைவீதி இருக்கிறது, ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலின் நிலையம் எப்போதும் பரபரப்பு. பிடித்த நகரம்தான். ஆனால் அமைதி வேண்டும் என்று கேட்டவளை இங்கே நான்கு இரவு உட்கார வைக்க முடியாது. சகுராஜிமாவிலேயே தங்கலாம் என்றால் விடுதிகள் குறைவு, மாலைக்கு மேல் சாப்பாட்டுக் கடை தேடி அலைய வேண்டும்.

இபுசுகி: உடம்புக்கு இதம்

ககோஷிமாவிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரம் சுமார். மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கு உள்ளேதான். பனைவகை மரங்கள் வரிசையாக நிற்கும் தெரு, அகலமான வானம், வயல். மாலை ஆறு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது.

இங்கே எல்லோரும் வருவது மணல் குளியலுக்கு. கடற்கரை மணலுக்கு அடியில் வெந்நீர் ஊறிக்கொண்டே இருப்பதால் மணலே சுடுகிறது. யுகாதா என்ற பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, பள்ளத்தில் மல்லாந்து படுக்க வேண்டும். மண்வெட்டியோடு வருகிறவர் கால் முதல் கழுத்து வரை மணலை வாரிப் போட்டு மூடுவார். ஈர மணல் எதிர்பார்த்ததைவிட நல்ல கனம். இரண்டு நிமிடத்தில் உள்ளங்கையில், தொடையில், குதிகாலில் நாடி துடிப்பது தனித்தனியாகத் தெரியும். காதில் அலைச் சத்தம். பத்து நிமிடம் போதும் என்று சொல்வார்கள், அதற்கு மேல் இருக்காதீர்கள். குதிகால் பட்ட இடத்தில் எனக்குச் சுட்டது. காலை லேசாக அசைத்து வைத்துக்கொண்டேன். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படுக்க வேண்டாம்.

நம்மூர்ப் பெண்களுக்கு ஒரு தகவல். ஜப்பானிய வெந்நீர்க் குளியலில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும் என்பதால் பலர் தயங்குவார்கள். மணலில் அங்கியோடு படுப்பதால் அந்தத் தயக்கம் இல்லை. மணலைக் கழுவ மட்டும் உள்ளே பெண்களுக்கென்று உள்ள குளியலறைக்குப் போக வேண்டும். அங்கே ஓரமாக உட்கார்ந்து குளித்துவிட்டு வந்துவிடலாம்.

இந்த ஊருக்கான எரிமலை கைமோன். 924 மீட்டர்தான், ஆனால் கடலோரத்தில் கூம்பாக, கவிழ்த்து வைத்த புனல் போல நிற்கும். கடைசியாக வெடித்தது 885-இல். அதன் அடிவாரத்து வயலுக்கு நடுவே நிஷி ஓயாமா என்ற ஒற்றை நடைமேடை நிலையம் இருக்கிறது. நாடு முழுக்க ரயில் ஓட்டும் ஜேஆர் குழுமத்தின் பாதையில் தென்கோடி நிலையம் அது. ரயில்கள் குறைவு என்பதால் போகும் ரயிலையும் திரும்பும் ரயிலையும் எழுதி வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜனவரியில் இந்தப் பக்கம் போனால் வயலெல்லாம் மஞ்சள் கடுகுப்பூ. பக்கத்தில் இகேதா ஏரி இருக்கிறது. கியூஷுவின் மிகப்பெரிய ஏரியான அதுவும் எரிமலைப் பள்ளத்தில் நிறைந்த தண்ணீர்தான்.

அத்தானுக்கு நான் முதலில் சொன்ன செய்தி வேறு. ஜப்பானில் வெண்டைக்காய் அதிகம் விளையும் ஊர் இபுசுகி. கோடையில் போனால் வயல் வயலாக வெண்டைக்காய்ப் பூவைப் பார்க்கலாம். சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கும் இந்த மண்ணோடு பந்தம் உண்டு. 1705-இல் மாயெதா ரியெமோன் என்ற மாலுமி ரியுக்யு தீவுகளிலிருந்து (இன்றைய ஒகினாவா பக்கம்) கிழங்கைக் கொண்டுவந்து இங்கே யமகாவா பக்கம் நட்டார். நீர் நிற்காத எரிமலைச் சாம்பல் மண்ணில் நெல் சரியாக வராது, கிழங்கு வந்தது. பஞ்சகாலத்தில் அந்தக் கிழங்குதான் சோறு போட்டது என்பதால் அவருக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

அம்மாவை மட்டும் அழைத்துப் போவதாக இருந்தால் யோசிக்காமல் இபுசுகி என்று சொல்லியிருப்பேன். ஆனால் குழந்தைக்கு இரண்டாம் நாள் அலுத்துவிடும். கார் ஓட்டாதவர்களுக்கு ஏரி, கடல்முனை, மலை என்று ஒவ்வொன்றுக்கும் பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே பாதி நாள் போய்விடும். எரிமலையும் தூரத்தில் அழகாக நிற்கிறதே தவிர, அது ஊருக்கு என்ன செய்தது என்பதை ஊருக்குள் நடந்து பார்த்துவிட முடியாது.

ஷிமாபரா: காலடியில் ஓடும் மலை

நீளமாக எழுதப் போவது இந்த ஊரைப் பற்றித்தான். நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிறு நகரம். ஒரு பக்கம் அரியாகே கடல், மறுபக்கம் உன்சென் எரிமலைத் தொகுதி. இரண்டுக்கும் இடையில் ஒரு துண்டு நிலத்தில் கோட்டை, கடைத்தெரு, வீடுகள். நிலையத்திலிருந்து கோட்டை பத்து நிமிட நடை. அம்மாவின் முழங்காலுக்கு இது முக்கியம். பார்க்க வேண்டியதில் பாதி ஊருக்குள்ளேயே இருக்கிறது.

முதல் தடவை நான் போனபோது மதிய நேரம். ஒரு தெருவில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பார்த்தால் தெருவோரக் கால்வாயில், நம் ஊரில் சாக்கடை ஓடும் அதே அகலத்தில், கண்ணாடி போலத் தண்ணீர் ஓடுகிறது. அதில் சிவப்பும் வெள்ளையுமாகக் கார்ப் மீன்கள் நீந்துகின்றன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். வீட்டு வாசலுக்கும் கால்வாய்க்கும் இடையே ஓர் அடி தூரம்கூட இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார், மீன்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அங்கேயே ஷிமெய்சோ என்ற பழைய மரவீடு இருக்கிறது. திண்ணை குளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் குளத்தின் அடியில் மணலைக் கிளறிக்கொண்டு ஊற்று பொங்குவது தெரியும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலையில் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள்ளும் சாம்பலுக்குள்ளும் இறங்கி, வடிகட்டப்பட்டு, ஊருக்கு அடியில் ஊறி வெளியே வருகிறது. இன்றைய ஊற்றுகளில் பல 1792-இல் நடந்த ஒரு பேரழிவுக்குப் பிறகு உண்டானவை. அந்த வருடம் மே 21 இரவு, ஊருக்கு நேர் பின்னால் நிற்கும் மயுயாமா மலையின் கிழக்குப் பக்கம் நிலநடுக்கத்தில் பெயர்ந்து, ஊரின் மேல் சரிந்து கடலுக்குள் விழுந்தது. அது கிளப்பிய அலை கடலைத் தாண்டி எதிர்க்கரையில் இருந்த ஹிகோ நாட்டை, அதாவது இன்றைய குமமோட்டோவை, அடித்தது. இரண்டு கரையிலுமாகச் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். ஜப்பான் வரலாற்றிலேயே எரிமலையால் நேர்ந்த மிகப்பெரிய உயிரிழப்பு அது. 'ஷிமாபராவில் பேரிடர், ஹிகோவில் தொல்லை' என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். சரிந்து விழுந்த மலையின் துண்டுகள் துறைமுகத்துக்கு எதிரே பைன் மரங்களோடு சிறு சிறு தீவுகளாக நிற்கின்றன. பார்க்க அழகாக இருக்கும், படம் எடுப்போம். அது மலை என்று தெரிந்த பிறகு கேமராவைக் கீழே இறக்கிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தத் தடவை குடும்பத்தோடு போனபோது ஹமனோகாவா ஊற்றுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். தெருமுனையில் இருக்கும் பொதுத் தொட்டி அது. ஊற்றுநீர் நான்கு பகுதியாகப் பிரித்துக் கட்டிய தொட்டியில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிகிறது. முதலில் நிறைவதில் காய்கறி, உணவுப்பொருள் மட்டும் கழுவலாம். அடுத்து பாத்திரம். கடைசியில்தான் துணி. அக்கம்பக்கத்தார் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அம்மாவுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "இது குடிக்கிற தண்ணி, இது அலசுற தண்ணி, இது துவைக்கிறது, சரியா?" என்றார். யாரும் சொல்லாமலே சரியாகச் சொன்னார். அவர் பிறந்த ஊரில் குடிக்கும் ஊருணியில் கால்கூட நனைக்க விடமாட்டார்களாம். அன்று மதியம் முழுக்க அந்த ஊருணிக் கதைதான்.

தொட்டியை ஒட்டியே ஒரு பழைய கடையில் கன்சராஷி கிடைக்கும். அரிசிமாவு உருண்டைகளைக் குளிர்ந்த ஊற்றுநீரில் போட்டெடுத்து இனிப்புப் பாகில் மிதக்கவிட்டுத் தருவார்கள். கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். பாலில்லாத பால் கொழுக்கட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அத்தான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

இனி அண்மைக்கால எரிமலை. உன்சென் தொகுதியின் ஃபுகென் சிகரம் 1990 நவம்பர் 17 அன்று, ஏறத்தாழ 200 ஆண்டு உறக்கத்துக்குப் பிறகு விழித்தது. அடுத்த மே மாதம் உச்சியில் எரிகுழம்பு குவியத் தொடங்கியது. அது கெட்டியான குழம்பு, வழிந்தோடாது. குவிந்து, பிதுங்கி, பிறகு உடைந்து, கொதிக்கும் கல்லும் சாம்பலும் வாயுவும் ஒன்றாகக் கலந்த மேகமாகச் சரிவில் பாயும். 1991 ஜூன் 3 மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பிறகு அப்படி ஒரு பாய்ச்சலில் 43 பேர் இறந்தார்கள். செய்தியாளர்கள், அவர்களை அழைத்துவந்த டாக்சி ஓட்டுநர்கள், உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினர், காவலர்கள், ஊர்மக்கள், மூன்று எரிமலை ஆய்வாளர்கள். பிரெஞ்சுத் தம்பதி மோரிஸ், காத்யா கிராஃப்ட், அமெரிக்கர் ஹாரி கிளிக்கன் அந்த மூவர். வெடிப்பு 1995 வரை நீடித்தது. முடிந்தபோது பழைய சிகரத்தைவிட உயரமாக, 1,483 மீட்டரில் ஒரு புது மலை நின்றது. ஹெய்செய் ஷின்சான், அதாவது ஹெய்செய் என்ற பேரரசர் காலத்துப் புதுமலை என்று பெயர். அக்கா மகனிடம் "இந்த மலை உன் அம்மாவைவிடச் சின்னது" என்றேன். அதற்குப் பிறகு அவன் புகை எங்கே என்று கேட்கவில்லை, மலையின் வயதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பாய்ச்சல்கள் இறங்கிய ஆற்றின் பெயர் மிசுநாஷி. 'தண்ணீர் இல்லாதது' என்று பொருள். ஊருக்குள் தெருவெல்லாம் தண்ணீர், சில கிலோமீட்டர் தெற்கே தண்ணீரில்லா ஆறு. இரண்டும் ஒரே மலையின் வேலை. அந்த ஆற்றுப் பக்கம் கமதாசு டோம் என்ற நினைவு அருங்காட்சியகம் 2002 முதல் இருக்கிறது. அங்கே அரை நாள் ஒதுக்குங்கள். சூட்டில் நெளிந்துபோன கேமராவும் வளைந்த மிதிவண்டியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். சற்றுத் தெற்கே சாலையோரத்தில், 1992-இல் சேற்றுவெள்ளம் கூரை வரை புதைத்த வீடுகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். மாடி ஜன்னல் நம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஓட்டைத் தொட்டுவிடலாம். எரிந்துபோன ஓனோகோபா தொடக்கப் பள்ளியும் அருகில்தான். குழந்தையை அங்கெல்லாம் அழைத்துப் போகலாமா என்று அக்கா தயங்கினாள். போகலாம் என்பது என் எண்ணம். பயமுறுத்தும்படி எதுவும் இல்லை. இங்கே பள்ளி இருந்தது, பிள்ளைகள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள், பிறகு பள்ளி எரிந்தது என்பதை நேரில் நின்று தெரிந்துகொள்வது 12 வயதுக்குத் தாங்கக்கூடியதுதான்.

ஊருக்கு நேராக வர வேண்டிய பாய்ச்சல்களைக் குறுக்கே நின்று தடுத்ததும் மயுயாமாதான். 1792-இல் ஊரை அழித்த அதே மலை.

கோட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1618-இல் தொடங்கிக் கட்டியது, இப்போது நிற்கும் கோபுரம் 1964-இல் திரும்பக் கட்டியது. அன்று கோட்டை கட்ட வசூலித்த வரியும் கிறிஸ்தவர்கள் மேல் நடந்த கொடுமையும் சேர்ந்துதான் 1637-இல் ஷிமாபரா கிளர்ச்சியாக வெடித்தது. பக்கத்தில் சாமுராய்த் தெரு இருக்கிறது. மண்பாதைக்கு நடுவே ஓடும் கால்வாய் அந்தக் காலத்தில் குடிநீர். அந்தத் தெருவில் காலை ஏழு மணிக்கு நடங்கள், உங்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

சாப்பாடும் பாதுகாப்பும்

சைவம் மூன்று ஊரிலுமே சிரமம், மறைக்க வேண்டாம். கத்சுவோபுஷி என்ற காய்ந்த சூரை மீன் சீவல் எல்லாக் குழம்பிலும் சாற்றிலும் கலந்திருக்கும். நம் மாசிக்கருவாட்டின் உறவுதான். அதைப் பெருமளவில் தயாரிக்கும் ஊர்களில் ஒன்று இபுசுகியின் யமகாவா, தெருவிலேயே அந்தப் புகை மணம் வரும். ஆக அத்தானுக்கு இபுசுகி விடுதிச் சாப்பாடுதான் அதிகம் சிக்கலாகியிருக்கும். ஷிமாபராவில் கையால் இழுத்துச் செய்யும் சோமென் கிடைக்கும், சேமியாவைவிடச் சற்று நீளமான வெள்ளை நூடுல்ஸ். மீன்சாறு வேண்டாம், வெறும் சோயாவும் இஞ்சியும் போதும் என்று விடுதியில் முன்கூட்டியே எழுதிக் கேட்டோம், செய்து கொடுத்தார்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கையில் இருந்தது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்று ஊருமே விருந்து, சொல்லத் தேவையில்லை.

எரிமலை அருகே போவது ஆபத்தில்லையா என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஜப்பான் வானிலை முகமை முக்கியமான எரிமலைகளுக்கு 1 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை வைத்திருக்கிறது. சகுராஜிமா பெரும்பாலும் 3-இல் இருக்கும். அதாவது வெடிவாயைச் சுற்றி யாரும் நெருங்கக் கூடாது, ஊருக்குள் இருக்கலாம். 2022 ஜூலையில் சில நாள் 5-க்குப் போய்த் திரும்பியது. உன்சென் பொதுவாக 1. கிளம்பும் வாரத்தில் முகமையின் அறிவிப்பை ஒருமுறை பாருங்கள். ஹெய்செய் ஷின்சானின் உச்சிக்கு மட்டும் எந்த நிலையிலும் ஏற விடமாட்டார்கள், அந்தக் குவியல் இன்னும் உறுதியாகவில்லை.

மாதம் என்று பார்த்தால் ஜூன், ஜூலை முற்பாதி அடைமழை. ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வந்தால் ஃபெர்ரியும் ரயிலும் நின்றுவிடும். நாங்கள் போனது நவம்பர். உன்சென் மலையில் இலைகள் சிவந்திருந்தன, கீழே ஷிமாபராவில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதுமானதாக இருந்தது.

நாங்கள் எடுத்த முடிவு

ககோஷிமாவில் ஓர் இரவு, ஷிமாபராவில் இரண்டு, உன்சென் வெந்நீர் ஊற்று ஊரில் ஒன்று. இபுசுகியை விட்டுவிட்டோம். அம்மாவுக்கு அது குறையாகிவிடுமோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்காகத்தான் கடைசி நாளை உன்செனிலிருந்து மறுபக்கம் இறங்கி ஒபாமா வழியாக வைத்தேன். அந்தக் கடலோர ஊரில் ஊற்று 105 டிகிரி சூட்டில் வருகிறது, அதே கணக்கில் 105 மீட்டர் நீளத்துக்குக் கால் நனைக்கும் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அம்மா புடவையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடலைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. விடுதிகளில் தரைப்படுக்கை வேண்டாம், கட்டில் உள்ள அறை வேண்டும் என்று முன்பதிவிலேயே கேட்டுவிட்டேன். வயதானவர்களோடு போகும் யாரும் இதை மறக்கக் கூடாது.

உங்களுக்கு இரண்டே இரவு இருந்து, உடன் வருகிறவர் பெரியவர் என்றால் இபுசுகிக்கே போங்கள். ஒரே நாள்தான், எரிமலை புகைவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ககோஷிமா. மூன்று இரவோ அதற்கு மேலோ இருந்தால் ஷிமாபராவை விட்டுவிடாதீர்கள். இரண்டு ஊர் சேர்த்துப் போவதென்றால் ககோஷிமா முதலில், ஷிமாபரா பிறகு. சாம்பல் விழும் ஊரில் ஒரு நாள் இருந்துவிட்டுப் போனால் அந்தக் கால்வாய்த் தண்ணீர் வேறு மாதிரி தெரியும்.

ஷிமாபராவுக்கு இரண்டு வழி. நாகசாகி பக்கமிருந்து வந்தால் இசஹாயாவில் இறங்கி, ஷிமாபரா ரயில்வேயின் மஞ்சள் நிறச் சிறு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இது தனியார் பாதை, ஜேஆர் பாஸ் செல்லாது. வழியில் ஓமிசாகி நிலையத்தின் நடைமேடை கடலை ஒட்டியே இருக்கிறது. ஆசைகளை எழுதிக் கட்டிய மஞ்சள் கைக்குட்டைகள் வரிசையாகக் காற்றில் ஆடும். அரியாகே கடலில் ஏற்றவற்றம் ஜப்பானிலேயே அதிகம் என்பதால், அலையேறும் நேரம் பார்த்துப் போனால் தண்ணீர் காலடி வரை நிற்கும். இறங்கிய நேரத்தில் வெறும் சேறுதான். தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு இந்த வழி.

மற்றொன்று குமமோட்டோ வழி. ககோஷிமாவிலிருந்து ஷிங்கான்சென்னில் முக்கால் மணி, நிலையத்திலிருந்து பேருந்தில் துறைமுகம், பிறகு ஃபெர்ரி. கப்பலைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம். பெட்டிகளும் பெரியவர்களும் இருந்தால் இதுதான் வசதி, நாங்களும் இதில்தான் போனோம். மெதுவாகப் போகும் கப்பலே கிடைத்தால் நல்லது. மேல்தளத்துக்கு ஏறி முன்பக்கமாக நில்லுங்கள். முதலில் ஒரு நீலக் கோடுதான் தெரியும். பாதி தூரம் போனதும் மயுயாமாவின் சரிந்த பக்கம் கடலைப் பார்த்து வெறுமையாகத் திறந்திருப்பது தெரியும், அதற்குப் பின்னால் புதுமலையின் கரடுமுரடான தலை. கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது பைன் மரத் தீவுகள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வரும். நாம் வந்த அதே தண்ணீரைத்தான் அந்த அலை எதிர்த்திசையில் கடந்து போனது.